மாத்திரையைத் தடுத்த கை

போன வருட மழைக்காலத்தில் ஒரு மதியம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தேன்.

கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. ஷிப்ட் முழுக்க நின்றே ஆகவேண்டும். முழங்கால் வலி தாங்காமல், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்திருந்தேன். போட்டால் கால் லேசாகிவிடும். மெல்ல மெல்ல அது தினசரி வழக்கமாகிவிட்டது. நடுவில் நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் வந்தபோது, கேன்டீன் குழம்பின் காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ஆட்டோவில் வயிற்றைப் பிசைந்தது, உடம்பெல்லாம் வேர்த்தது. வலிக்குத்தானே மாத்திரை என்று பையிலிருந்து அதையே எடுத்தேன். பக்கத்தில் வேறு கம்பெனி யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்த அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

“இன்னா மாத்திரம்மா இது? தெனம் போட்டுக்கினு இருக்கியா?”

தலையாட்டினேன். காதருகே குனிந்து, “வெளிக்குப் போனா கருப்பா போவுதா?” என்றார்.

கூச்சமாக இருந்தது. ஆனாலும், “ஆமாக்கா, தார் மாதிரி” என்றேன்.

“எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு. உள்ள ரத்தம் கசியுது. எறங்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அவரும் இறங்கினார். தன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, “இன்னிக்கு வர முடியாது சார்” என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் எனக்குக் கண் இருட்டிவிட்டது. அவர் தோளில் சாய்ந்துதான் உள்ளே போனேன்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண் இருந்தது. அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தினமும் போட்ட வலி மாத்திரையால் வந்தது என்றார்கள். “நான் சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன் டாக்டர்” என்றேன், நம்பமுடியாமல்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: “சாப்பிட்டுட்டுப் போட்டாலும் அது ரத்தத்துல கலந்துடும். வலிய கொறைக்கிற அந்த மாத்திரையே, இரைப்பையோட உள்சுவருக்குக் காவலா இருக்கிற வழவழப்பையும் கொறைச்சிடும். அப்புறம் வயித்துல சுரக்கிற அமிலம் சுவரையே அரிக்கும். இப்பவாவது வந்தீங்களே, ஆறிடும்.”

ரத்தம் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் வந்து சேரும்வரை அந்த அக்கா கட்டிலோரமாகவே உட்கார்ந்திருந்தார். “எங்க வூட்டுக்காரரு இப்ப நல்லா பிரியாணி துன்றாரு, பயப்படாத” என்று சிரிக்க வைத்தார். பதற்றத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

புண் ஆறிவிட்டது. முழங்காலுக்கு முறையாக மருத்துவம் பார்த்தேன்; டாக்டர் சீட்டைக் காட்டிக் கேட்டதும், கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு மாற்றினார்கள். இத்தனை சுலபமாகக் கிடைத்ததை அதுவரை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. வலியை வெளியே காட்டாமல் வேலை பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்றிருந்த எனக்கு, அதை வாய்விட்டுச் சொன்னால் கூடவே இறங்கி வர ஒரு மனிதர் இருப்பார் என்ற நம்பிக்கையை அந்த அக்கா தந்துவிட்டுப் போயிருக்கிறார்.