சீசன் முடிந்த பிறகு வந்த போன்

அவளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்று நான்தான் ஸ்வீட் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். கூட வேலை செய்கிறவள் முன்னுக்கு வந்தால் இவ்வளவு சந்தோஷப்படுகிற மனசு யாருக்கு வரும் என்று மேனேஜர் தெலுங்கில் என்னைப் புகழ்ந்தார். வயிறு எரிந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலோடு இன்னொன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் லேப் கெமிஸ்ட். நான் ஒரு வருஷம் சீனியர். நகரிப் பக்கம் எல்லையோர ஊர் என்னுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். எங்கள் நைனா, அதாவது அப்பா, அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருக்கிறார். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகு தினமும் பஸ் பிடித்துச் சித்தூர் போய் வந்தேன். அவள் காட்பாடியிலிருந்து வருவாள். என்னை ‘அக்கா’ என்பாள். நான் அவளுக்குப் பழச்சாற்றில் இனிப்பு அளக்கிற கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். இதை இங்கே குறிப்பிடுவது எனக்கு அவசியமாக இருக்கிறது.

கூழ் தொழிற்சாலைக்கு வருஷத்தில் மூன்று மாதம்தான் உயிர். ஜூன், ஜூலையில் டிராக்டர்கள் ரோடு வரை வரிசை கட்டி நிற்கும். மூச்சு விட நேரம் இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் மெஷினைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெரிய கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர், ஒரு ஸ்டோர்காரர், ஒரு மேனேஜர். சம்பளம் பாதி. சித்தூரில் லேபில் இருக்கிற எவளைக் கேட்டாலும் ஒரே ஆசைதான் சொல்வாள்: வருஷம் முழுக்க ஓடுகிற ஃபாக்டரியில் ஒரு நாற்காலி.

எங்களிடம் கூழ் வாங்குகிற ஜூஸ் கம்பெனி தடா பக்கம் புதிதாக ஒரு ஃபாக்டரி கட்டிக்கொண்டிருந்தது. திருப்பதியிலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கம்பெனி பஸ்கள் போகும். ஒன்று எங்கள் தெருமுனையிலேயே நிற்கும். தினமும் காலையில் நான் சித்தூர் பஸ்ஸுக்கு ஓடும்போது அந்த ஏசி பஸ்ஸில் சாய்ந்து தூங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பேன். அந்த வேலை எனக்கென்றே வருகிறது என்று தீர்மானித்துவிட்டேன். கொடுக்கப்போகிறவர் யார் என்பதும் தெரியும்: அந்தக் கம்பெனியின் தர அதிகாரி. நெல்லூர்க்காரர், சென்னையில் பல வருஷம் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஒவ்வொரு சீசனிலும் இரண்டு மூன்று முறை வந்து எங்கள் லேபில் உட்காருவார்.

அவரைக் கைக்குள் போட்டுக்கொள்ள என்னிடம் ஒரு வழி இருந்தது. திருப்பதியில் குடியிருக்கிற எல்லோரும் செய்கிற வழிதான். என் வீட்டுக்காரர் ஒரு டிராவல்ஸில் வேலை செய்கிறார். தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறக்கிற நாளும் நேரமும் அவருக்கு மனப்பாடம். அதிகாரியின் அக்கா குடும்பம், மச்சினன் குடும்பம், மேல்வீட்டுக்காரர்கள் என்று எத்தனையோ பேருக்கு டிக்கெட் போட்டு, ரூம் பார்த்து, வண்டி அனுப்பியிருக்கிறோம். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. சாமியை நன்றாகப் பார்த்துவிட்டால் பெருமாளே கூப்பிட்டுக் காட்சி கொடுத்தார் என்பார்கள். வரிசையில் ஆறு மணி நேரம் நின்றால் அப்போதுதான் என் பெயர் ஞாபகத்துக்கு வரும். என் நம்பரை அவர்கள் எல்லோரும் ‘திருப்பதி அம்மா’ என்றுதான் போனில் போட்டு வைத்திருந்தார்கள். நான் கெமிஸ்ட் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அவள் யாருக்கும் எதையும் வாங்கிக் கொடுக்கவில்லை. அவள் செய்ததைக் கேட்டால் இது ஒரு வேலையா என்று தோன்றும். ஒரு தடவை போடுகிற கூழ் ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு சிறிய டப்பா எடுத்து லேபில் ஒரு ரேக்கில் வைப்போம். சாம்பிள். வாங்கினவர் புகார் சொன்னால் மட்டும் திறந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தேதி முடிந்ததும் கொட்டிவிடலாம். அவள் மட்டும் சீசன் இல்லாத மாதங்களில், ஆறு மாதம் ஆனதும் தானாக ஒரு டப்பாவைத் திறப்பாள். நிறம், புளிப்பு, இனிப்பு எல்லாம் பார்ப்பாள். பிறகு அந்தக் கூழை வாங்கியவருக்கு இரண்டு வரி அனுப்புவாள். ‘சார், உங்கள் இந்த லாட் ஆறு மாதம் ஆகிறது. நிறம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.’ அவ்வளவுதான். வணக்கம்கூடக் கிடையாது.

யார் இவளைக் கேட்டார்கள் என்று நான் கிண்டல் செய்வேன். “சும்மா உக்காந்துக்கினுதான இருக்கோம், அக்கா” என்பாள். கூழ் அடைத்த டிரம்களை வாங்கியவர்கள் உடைத்து ஜூஸ் போடுகிற மாதங்கள் அவைதான் என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. நான் அதிகாரியைத் தேடிப் போனதெல்லாம் ஜூலையில், அவர் நாலு ஃபாக்டரிக்கு ஓடிக்கொண்டிருந்தபோது. அவள் செய்தி போனது பிப்ரவரியில், அவர் டிரம்மைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது.

இப்படி மூன்று வருஷம். மூன்றாம் வருஷம் அவர் வந்து இறங்கியதும் நேரே அவளிடம் போய், அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். என்னைப் பார்த்து, “பிரசாதம் கிடைச்சிதும்மா” என்றார். அன்று பஸ்ஸில் திருப்பதி வரும்வரை எனக்கு அந்த முட்டி வலிதான். காட்பாடியில் இருக்கிற ஒரு கிழவியின் முட்டி இவருக்கு எப்படித் தெரிந்தது?

அதற்கடுத்த பிப்ரவரியில் அவள் தம்பி கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டாள். புதன்கிழமை மத்தியானம் லேப் போன் அடித்தது. அதிகாரி. அவளுக்கு இரண்டு முறை அடித்தாராம், எடுக்கவில்லையாம். மெசேஜ் படிப்பாரே தவிர டைப் செய்ய அவருக்கு வராது. புது ஃபாக்டரி லேபுக்கு ஆள் எடுக்கிறார்கள், வெள்ளிக்கிழமை சாயந்திரம் பெயர்களை மேலே கொடுக்க வேண்டும், அதற்குள் அவளைத் தன்னோடு பேசச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். நான் சொல்லிவிடுகிறேன் சார் என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் பஸ்ஸிலேயே என் பயோடேட்டாவை அவருக்கு அனுப்பினேன். கீழே, போன மாதம் உங்கள் மச்சினன் குடும்பத்துக்குத் தரிசனம் நல்லபடியாக ஆயிற்றா என்று ஒரு வரி சேர்த்தேன். ‘அலாகே அம்மா’ என்று குரல் செய்தி வந்தது. ஆகட்டும் அம்மா என்று அர்த்தம். டிக்கெட்டுக்கும் அதையேதான் சொல்வார். வியாழக்கிழமை அவளே எனக்குப் போன் செய்து முகூர்த்தத்துக்கு ஏன் வரக்கூடாது என்று கேட்டாள். லேபில் ஆள் இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த எல்லாப் பொய்களிலும் அது கொஞ்சம் உண்மையானது. மூன்று நாளும் என்னிடம் நானே வாதாடினேன். வேலை தடாவில், நான் இருப்பது திருப்பதியில், அவள் இருப்பது காட்பாடியில், நான் சீனியர், அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை, எனக்குக் குடும்பம் இருக்கிறது. நியாயங்களுக்குப் பஞ்சமே இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் தம்பி தாலி கட்டிய அன்று, அதிகாரியின் கம்பெனி ஆகஸ்டில் வாங்கிய ஒரு பெரிய லாட்டுக்கு ஆறு மாதம் முடிந்தது. லீவில் போவதற்கு முன்பே டப்பாவைத் திறந்து பார்த்து எழுதிவைத்துக்கொண்டு போயிருக்கிறாள். மண்டபத்திலிருந்து அவருக்கு வழக்கமான இரண்டு வரி அனுப்பினாள். அவர் உடனே அவளைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை அவள் பலகாரத்தோடு வந்தாள். புது வேலைக்கு அவர் தன் பெயரைக் கொடுத்திருப்பதைச் சொன்னாள். நான் காத்திருந்தேன். எங்கிட்ட ஏன் சொல்லலை என்று கேட்கப்போகிறாள். அழுவேனா, சண்டை போடுவேனா என்று தெரியவில்லை. அவள் கேட்கவில்லை. அந்த வாரமும் கேட்கவில்லை, அடுத்த வாரமும் இல்லை. அவர் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, வேலை உறுதியான செய்தி வந்த அன்று ஸ்வீட் கடைக்குப் போனேன்.

அவள் திருப்பதியில் ரூம் எடுத்துக்கொண்டாள். எங்கள் தெருமுனைக்கு முந்தைய ஸ்டாப். தினமும் காலையில் அந்த ஏசி பஸ் என்னைத் தாண்டிப் போகும்போது ஜன்னலில் கையாட்டுவாள். வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அங்கேயும் எட்டிப் பார்த்து ஆட்டினாள்.

நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வாள். எப்போதும் சீசன் இல்லாத மாதங்களில், பாதிச் சம்பளத்தில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போது. பையன் படிப்பு, நைனாவின் சர்க்கரை எல்லாம் கேட்பாள். போனை வைத்த பிறகு எனக்குக் கோபம்தான் வரும். நானும் ரேக்கில் இருக்கிற டப்பாவா, இவள் அவ்வப்போது திறந்து கெட்டுவிட்டேனா என்று பார்க்க? ஆனாலும் அவள் போன் வர ஒரு மாதம் தாமதமானால் அதற்கும் எரிச்சல் வந்தது.

இரண்டு வருஷம் போயிற்று. போன நவம்பரில் ஒருநாள், பேச்சை நீட்டாமல் விஷயத்துக்கு வந்தாள். இரண்டாவது லைன் ஆரம்பிக்கிறார்கள், லேபுக்கு ஆள் வேண்டும், பயோடேட்டா அனுப்பு என்றாள். “இன்னிக்கே அனுப்புக்கா. போன வாரம் வரைக்கும் ஆடிட்டுன்னு சார் தலைய பிச்சிக்கினு இருந்தாரு. இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறாரு.” தரிசனம் பற்றி எதுவும் எழுதாதே என்றும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அனுப்பினேன்.

இன்டர்வியூவில் அதிகாரி நன்றாகத்தான் பேசினார். சித்தூரில் நான் பார்த்த லாட்டுகளைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார். நான் கெமிஸ்ட் என்பதை அவர் அன்றுதான் முழுதாகக் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். எழுந்திருக்கிற நேரத்தில் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

“அன்னிக்கி லேப்ல போன் எடுத்தது நீங்கதான?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“நீங்க ஒடனே சொல்லிட்டீங்களாம். கல்யாண சந்தடில ரெண்டு நாளா அவதான் மறந்துட்டாளாம். நல்லா திட்டு வாங்கினா என்கிட்ட.”

அவர் சிரித்தார். இப்போது உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நாற்காலி, ஏசி பஸ், பன்னிரண்டு மாதச் சம்பளம் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

“ஆமாம் சார்” என்றேன்.

அவள் கேன்டீனில் எனக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அதட்டுகிற மாதிரி கேட்டேன். எனக்கு அப்போது வேறு குரல் இல்லை. எந்த விஷயம் என்று அவள் நடிக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

“சார் கேட்டவொடனே புரிஞ்சிபோச்சுக்கா. நீ சொல்லலன்னு நான் சொல்லியிருந்தா உன் பேரு அவராண்ட அன்னியோட போச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு உனக்கு ஒரு வேலை கேக்கறது?”

“கோவம் வரல உனக்கு?”

“வராத பின்ன? ஒரு மாசம் உன் டப்பாலேர்ந்து ஒரு வாய் துன்னல. நீ கவனிக்கவே இல்ல.”

உண்மைதான். தினமும் என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவள். அவள் கேட்டுவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வாய் சாப்பிடாதது தெரியவில்லை.

ஒரு போனை மறைக்க எனக்கு மூன்று நாள் நியாயம் தேவைப்பட்டது. கல்யாண மண்டபத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவில், தான் ஏமாற்றப்பட்டது தெரிந்த அந்த நொடியிலேயே இவள் எனக்காக ஒரு கதவைச் சாத்தாமல் வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் காத்திருக்கிறாள். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. அவளுக்கு வேலை கிடைத்தபோதுகூட இப்படி எரியவில்லை.

இப்போது நானும் அந்த ஏசி பஸ்ஸில்தான் போகிறேன். முந்தைய ஸ்டாப்பிலேயே ஏறிப் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள், என் டப்பாவைத் திறந்து என்ன என்று பார்க்கிறாள். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. தடா வரை ஒன்றரை மணி நேரம் பயணம், தினமும் இரண்டு முறை. நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.