அவன் திறந்து காட்டிய பை

மியான்மரின் யாங்கோனில், வழக்கில் சிக்கிய பையன்கள் சில வாரம் தங்கிப்போகும் விடுதி ஒன்றில் நான் சமையல்காரி. கைப்பேசி திருடிய வழக்கில் வந்த பதினைந்து வயது சேகரை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்தால்கூட என் கண் அவன் கையிலேயே இருக்கும்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று, அவன் என்னிடம் வந்து பையைத் திறந்து நீட்டினான்.

"ஆன்டி, பாத்துடுங்க. பின்னால எதாச்சும் காணோம்னா எம் பேருதான் வரும்."

"வேணாம்ப்பா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், கையை விட்டுத் துழாவினேன். இரண்டு லோஞ்சிக் கைலி, ஒரு சட்டை, கோர்ட்டுக் காகிதம், அவ்வளவுதான்.

"சரியா ஆன்டி?"

"சரி, போய்ட்டு வா."

மறுநாள் காலை, முந்தின நாள் அவன் கிளம்புமுன் அடுக்களையில் கழற்றி வைத்த என் மோதிரத்தைக் காணவில்லை. உடனே அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. வார்டனிடம் புகார் சொல்லப் பாதி தூரம் போய்விட்டேன். சொன்னால் அவனை மறுபடி போலீஸ் பிடிக்கும். அந்தப் பையை என் கையாலேயே துழாவி, மோதிரம் எதுவும் இல்லை என்று பார்த்தவள் நான்தானே? திரும்பி வந்து தேடினேன். மோதிரம் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது.

என்னை அவன் எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தான் என்று நினைத்தால், இன்றும் வெட்கமாக இருக்கிறது.