கத்திரிக்காய் மேல் போட்ட பழி

அப்பாவுக்கு முகம் வீங்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு சாப்பாட்டுப் பொருள் தண்டிக்கப்பட்டது. முதலில் கத்திரிக்காய். பிறகு கருவாடு, முட்டை, பிராய்லர் கோழி, போர்வெல் தண்ணீர். கடைசியில் அம்மா. "உங்கம்மா மசாலாவுல என்னத்தையோ சேர்க்கறா கண்ணு" என்றார். மாதாமாதம் தலைக்கும் மீசைக்கும் அடிக்கிற டை மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. அடித்த மறுநாள் காதோரம் அரித்து ஊறல் எடுக்கும், நெற்றியில் நீர்க்கொப்புளம் வரும், இமை தடிக்கும். ஒவ்வொரு முறையும் இதே வரிசை.

நான் சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த பி.பி.டி. என்ற வேதிப்பொருளைக் காட்டி, கருப்பைத் தருவதும் இதுதான், கொப்புளத்தைத் தருவதும் இதுதான் என்றேன்.

"ஊரே அடிக்குது. எனக்கு மட்டும் ஆகாதாக்கும்?"

ஊரே அடிப்பது உண்மை. எங்கள் சொந்தத்தில் ஐம்பது தாண்டிய ஆண்கள் எல்லோருக்கும் ஒரே பாக்கெட் கருப்பு. படுக்கையில் விழுந்தால்தான் ஒருவருடைய நரை வெளியே தெரியும்.

என் நிச்சயதார்த்தத்துக்குச் சில வாரங்கள் முன்பு அப்பாவுக்கு இரண்டு கண்களும் வீங்கி மூடிக்கொண்டன. குரல் கம்மியது. அஸ்தம்பட்டியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனோம்.

"டை அடிச்சீங்களா?"

"இல்லைங்க" என்றார் அப்பா. காதோரத் தோலில் கருப்பு ஒட்டியிருந்தது.

"அடிச்சாருங்க" என்றேன்.

இன்னொரு முறை அடித்தால் தொண்டை வீங்கி மூச்சே அடைத்துப் போகலாம் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் அப்பாவின் கவலை மூச்சைப் பற்றியதல்ல.

"அப்ப நிச்சயத்துக்கு என்ன பண்றது?"

"நரைச்ச தலையோட நில்லுங்க. டை அடிச்சா நான் மேடை ஏற மாட்டேன்."

"நானுந்தான்" என்றாள் அம்மா, ஆட்டோவில் ஏறிக்கொண்டே.

அப்பா தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெள்ளை மீசையோடு மண்டப வாசலில் நின்றார். வந்தவர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள்.

"ஏனுங்க மாமா, ஒடம்பு செரியில்லீங்களா?"

முகம் பூசணிக்காயாக இருந்த நாட்களில் இவர்கள்தான், சதை போட்டு மாப்பிள்ளையாட்டம் இருக்கீங்க என்றவர்கள். அப்பா எல்லோருக்கும் என்னைக் கைகாட்டினார். "இவ பண்ணுன வேலைங்க."

நன்றாக மூச்சு விட்டுக்கொண்டுதான் சொன்னார்.

போட்டோகிராபருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "விடுங்கண்ணா, ஆல்பத்துல கருப்பு பண்ணிக் குடுத்தர்றேன்."

அப்பா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "மீசைக்குஞ் சேர்த்துங்க."

அந்தக் கருப்புக்கு ஊறல் வராது.