கொடி புதைத்த இடம்

எழுபதுகளின் கடைசியில், அஸ்தம்பட்டி பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு மகள் பிறந்தாள். பக்கத்துக் கட்டிலில் நாமக்கல் பக்கத்துத் தோட்டக்காரப் பெண் ஒருத்தி. மெலிந்த முகம், எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய சடை. ஆயா வாளியோடு உள்ளே வந்தால் போதும், இவள் கேட்டுவிடுவாள்.

"ஏனுங்க, எம் பொண்ணோட நஞ்சுக்கொடிய எங்க பொதச்சீங்க?"

"பின்னால எங்கியோ. ஒவ்வொண்ணுக்கும் அடையாளமா வெப்பாங்க?" என்று ஆயா சிரிப்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவு ஆசைன்னா வீட்டுலயே பெத்திருக்கலாமே!" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "மூத்தவன் ஊட்டுலதானுங்கக்கா பொறந்தான். தோட்டத்துல கொடியப் பொதச்சோம். மறுநாளே பக்கத்துல அவனையும் பொதச்சோம். இவளாவது பொழைக்கட்டும்னு இங்க வந்தேன். ஆனா இவ கொடி அங்க இருந்தா அவனுக்குத் தொணையா இருக்குமுங்க."

ஊருக்குப் போகிற அன்று, ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் போய் ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். எந்த இடத்து மண் என்று நான் கேட்கவில்லை.

என் மகளின் கொடியும் அங்கேதான் எங்கோ கிடந்தது. மகள் இப்போது கடல் தாண்டி இருக்கிறாள். அந்த முடிச்சில் என் மகளின் கொடி கிடந்த மண்ணும் கொஞ்சம் போயிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொள்கிறேன்.