பின்கதவுக் கண்ணாடியில் இருந்த கை

போன சனிக்கிழமை அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு மிசிசாகாவில் பிள்ளைகள் விளையாடுகிற இடம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற பெட்டை என் புறங்கையில் ஒரு முத்திரை குத்தினாள். குத்தினாளே தவிர ஒன்றும் தெரியவில்லை. மை முடிந்துபோச்சாக்கும் என்று நினைத்தேன். நடுவில் தண்ணீர்ப் போத்தல் எடுக்கக் காருக்குப் போய்த் திரும்பியபோது, அவள் என் கையைப் பிடித்து ஒரு சின்ன ஊதா லைட்டுக்குக் கீழே வைத்தாள். புறங்கையில் பச்சையாக ஒரு மீன் எழும்பி வந்தது.

"மாமா, கூல்!" என்று மருமகன் துள்ளினான். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். உச்சி வெயில், சுற்றிவரப் பிள்ளைகளின் கூச்சல், பொரித்த உருளைக்கிழங்கு மணம். அதற்குள் நின்றுகொண்டு ஒரு மீனைப் பார்த்துப் பயந்தவன் நானாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள். அந்தப் பச்சையை நான் முன்னம் ஒருதரம் பார்த்திருக்கிறேன்.

இப்போது விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு கந்தோரில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறேன். இதற்கு முதல், தொண்ணூறுகளின் நடுவில், வெக்ஸ்போர்ட்டில் மணியண்ணையின் கராஜில் மூன்று சம்மர் வேலை செய்தேன். கார் ஏசி திருத்துவதுதான் என் பகுதி. ஏசிக்கென்று கல்லூரியில் படித்த ஆள் அங்கே நான் ஒருவன்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகக் கண்டவனும் நான் ஒருவன்தான். ஆகவே புத்தகம் எதைச் சொன்னாலும் எனக்கு அது தேவாரம். மணியண்ணை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "புரபெசர், இஞ்சை வாரும்" என்பார். நான் அதைப் பாராட்டு என்று கனகாலம் நம்பியிருந்தேன்.

அன்றைக்கும் வெயில்தான். காலை எட்டு மணிக்கே தார் மணக்கிற ஒரு யூலை நாள். ரதி அக்கா மோர்னிங்சைட்டிலிருந்து ஒரு மெரூன் காரைக் கொண்டுவந்து விட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். பின்சீற்றில் எட்டு வயது மகள், துளசி. இழுப்புக்காரப் பிள்ளை. இழுப்பு வந்தால் வாய்க்குள் அடிக்கிற மருந்துப் பம்பை நூலில் கட்டிக் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிட்டிருந்தது.

"ஏசி வேலை செய்யேல்லைத் தம்பி. திருத்துவியள்தானே. ஆனா எனக்கு வேற ஒண்டும் பாத்துச் சொல்ல வேணும்," என்றார். "இதில முன்னம் ஆரும் கை வைச்சிருக்கினமோ?"

"வேற கராஜில குடுத்தனீங்களோ அக்கா?"

"இல்லை. நீங்கள் பாத்து உள்ளதைச் சொல்லுங்கோ. எனக்காண்டிச் சொல்ல வேண்டாம். உள்ளது எனக்குத் தெரிய வேணும்."

"நான் படிச்சனான் அக்கா. கட்டாயம் கண்டுபிடிச்சுச் சொல்லுவன்," என்றேன். அந்த நாட்களில் 'நான் படிச்சனான்' என்பதைச் சொல்லாமல் எனக்கு ஒரு வசனம் முடியாது. அவர் என் முகத்தை ஒருதரம் வடிவாகப் பார்த்தார். பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தார்.

அளவுமானியைப் பூட்டினேன். இரண்டு முள்ளும் கீழே கிடந்தன. காஸ் இல்லை, ஆகவே கொம்பிரசர் இழுக்கவில்லை. எங்கேயோ லீக். கொஞ்சக் காஸோடு சாயத்தையும் உள்ளே விட்டு, கதவைத் திறந்துவைத்துக் கால் மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டேன். இந்தச் சாயம் சும்மா பார்த்தால் கண்ணில் படாது. மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊதா லைட்டைப் பிடித்தால், காஸ் எந்த இடத்தால் கசிகிறதோ அந்த இடத்தில் மின்மினி மாதிரிப் பச்சையாக ஒரு பொட்டு எரியும். அதற்கு இருட்டு வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சட்டரை இழுத்து மூடி, லைட் எல்லாவற்றையும் அணைத்தேன். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே நானும் அந்தக் காரும் மட்டும்.

ஒரு பொட்டைத் தேடி லைட்டைப் பிடித்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

பொனற்றுக்குக் கீழே முழுக்கக் கைகள். விளிம்பில் நான்கு விரல். பற்றரிக்கு மேல் ஒரு பாதி உள்ளங்கை. ஹோஸைச் சுற்றி, யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி ஐந்து விரலும். இடதுபக்கச் சில்லுக்கு மேலே, குனிந்து பார்க்கிறவன் பாரத்தைக் கொடுத்து ஊன்றுகிற இடத்தில், ஒரு முழுக் கை. என் கையில் கையுறை இருந்தது. ஊன்றின அந்த இடத்தை நான் தொடவே இல்லை.

'முன்னம் ஆரோ சாயம் விட்டவன், வெறுங்கையால அளைஞ்சிருக்கிறான்,' என்று எனக்கு நானே சொன்னேன். விளக்கம் கிடைத்தபடியால் பயம் போய்விட்டது. அப்போது எனக்கு எல்லாப் பயமும் அப்படித்தான் போகும்.

லீக், குழாய்கள் பொருந்துகிற ஒரு மூட்டில். கழற்றினால் உள்ளே ஒரு கறுத்த ரப்பர் வளையம் ஊதிப் புண்பட்டுப்போய்க் கிடந்தது. அது ஏசிக்குப் போடுகிற வளையமே இல்லை. குசினியில் தண்ணீர்ப் பைப்புக்குப் போடுகிற சாமான். அதை ஒரு சின்னத் தகரப் பேணியில் போட்டுவைத்தேன். பச்சை வளையம் போட்டு, காற்றை உறிஞ்சி, காஸ் நிரப்பினேன். பிறகு புத்தகத்தில் இருந்தபடி, பழைய சாயத்தை எல்லாம் துடைத்தேன். துடைக்காவிட்டால் அடுத்தமுறை பார்க்கிறவன் பழைய கறையைப் புது லீக் என்று நினைத்துவிடுவான். விரல் விரலாகத் துடைத்தேன். ஊன்றியிருந்த அந்தக் கை மட்டும் இலேசில் போகவில்லை.

சட்டரைத் திறந்து ஓடவிட்டேன். குளிர் அருமையாக வந்தது. இனி உள்பக்கம் லீக் இல்லை என்பதையும் பார்த்துவிட்டால் முடிந்தது. எஞ்சினை நிறுத்தி, திரும்பவும் எல்லாவற்றையும் மூடி இருட்டாக்கி, ட்ரைவர் சீற்றில் ஏறி இருந்து லைட்டைப் போட்டேன்.

ஸ்டியரிங்கில் பத்து விரலும் இருந்தன.

என் கை வைக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே இரண்டு கை. றேடியோவில், கண்ணாடியில், சீற் பெல்ட்டில், எல்லாவற்றிலும். ஏசியை அமத்துகிற பொத்தானில் ஒரு பெருவிரல். அதன் ரேகைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு கோடு போயிற்று. அந்த நேரம் பார்த்து, டாஷ்போர்டுக்குள்ளிருந்து மூச்சு ஒன்று நீளமாக வந்தது. இஸ்ஸ்ஸ் என்று இழுத்து, மெலிந்து, நின்றது. எஞ்சின் நின்றபிறகு இரண்டு பக்கக் காஸும் சமப்படுகிற சத்தம் அது. புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை மனதுக்குள் மூன்றுதரம் சொன்னேன்.

இந்த இடத்தில் ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் ஐயாவுக்குக் கையெழுத்து இல்லை, கைநாட்டுத்தான். பதிவுத் தபால் வந்தால் தபால்காரர் மைப்பெட்டியை நீட்டுவார். ஐயா பெருவிரலை உருட்டி வைப்பார். சில நேரம் அந்த நீலம் படலையிலும், என் பள்ளிக்கூடச் சேட்டிலும் ஒட்டியிருக்கும். பத்து வயதில் எனக்கு அது பெரிய மானக்கேடு. எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு ஐயாவின் விரலைத் தேய் தேய் என்று தேய்ப்பேன். அவர் ஒன்றும் பேசாமல் கையைத் தந்துகொண்டிருப்பார். அந்தப் பொத்தானைப் பார்த்தபோது ஏனோ அவருடைய அந்தப் பேசாமைதான் ஞாபகம் வந்தது.

திரும்பிப் பின்சீற்றைப் பார்த்தேன். வலதுபக்கக் கண்ணாடியில், பிள்ளை இருக்கிற இடத்துக்கு நேரே, உள்பக்கமாக ஒரு முழுக் கை விரிந்து நின்றது.

"அண்ணை! ஒருக்கா வாங்கோ!"

மணியண்ணை இருட்டுக்குள் தட்டுப்பட்டுத் திட்டிக்கொண்டு வந்தார். என் மஞ்சள் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார்.

"டேய், உந்தக் கார்க்காரன் பங்குனியில செத்துப்போனான்டா."

"ஆர்?"

"ரதியின்ர மனிசன். நெஞ்சுநோ. உனக்கு நான் சொல்லேல்லையோ?" அவர் குரல் கீழே போயிருந்தது. "துடைச்சுவிடு. மனிசி வர முதல் எல்லாத்தையும் துடை. நான் போய் எலுமிச்சங்காய் வாங்கிக்கொண்டு வாறன். வெட்டிப்போட்டுத்தான் காரைக் குடுக்கவேணும்." சொல்லிவிட்டு, தன் கராஜைவிட்டு வாடிக்கையாளனைப்போல ஓடினார்.

நான் துடைத்தேன். புத்தகத்துக்காகத் துடைத்தேன் என்று பிறகு பல தடவை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயத்தில்தான் துடைத்தேன். ஸ்டியரிங், பெல்ட், றேடியோ, கடைசியாக அந்தப் பொத்தான். காலையில் கொடுத்த வாக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. பின்கண்ணாடிக்குப் போகத் துணியை மடித்துப் பிடித்தபோது சட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. துணியைப் பின்பொக்கற்றுக்குள் செருகிக்கொண்டு திறந்தேன். ரதி அக்காவும் துளசியும் நின்றார்கள்.

"ஏசி சரி அக்கா," என்றேன்.

"ஆரும் கை வைச்சிருக்கினமோ?"

நான் வாயைத் திறக்க முதல் அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். "போன சம்மர் இவர் ஒரு சனிக்கிழமை முழுக்க பார்க்கிங்கில நிண்டு திருத்தினதெண்டு சொன்னவர். பஃபலோவால கூட்டாளி காஸ் டின் கொண்டுவந்து தந்ததாம். ஒரு கிழமைதான் குளிர் நிண்டது. பிறகு இவவுக்கு இழுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுறம், காருக்குள்ள நெருப்புக் காத்து. ஆஸ்பத்திரி வாசல்ல வைச்சு, ஏன் திருத்தினதெண்டு பொய் சொன்னனீங்கள் எண்டு கேட்டன். பிள்ளைக்கு முன்னால கேட்டுப்போட்டன். 'நான் செய்தனான் ரதி' எண்டார். அவ்வளவுதான். பிறகு அதைப்பற்றி அவர் கதைக்கவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை."

"அப்பா ஃபிக்ஸ் பண்ணேல்லை," என்றது துளசி, பம்பை உருட்டிக்கொண்டு. "ஹி ஜஸ்ட் செட் இட். சும்மா சொன்னவர்."

தகரப் பேணியை நீட்டினேன். "இது பைப் ரப்பர் அக்கா. ஆரோ மூட்டைக் கழட்டி இதைப் போட்டிருக்கினம். லீக் இருந்த இடம் அதுதான். நானும் அதைத்தான் பிடிச்சனான். ரப்பர் மட்டும்தான் பிழை."

அவர் வளையத்தை விரலில் வைத்துப் பார்த்தார். "ஆரோ எண்டா? நாங்கள் வாங்க முதல் ஆரும் போட்டிருக்கலாம்தானே."

சரியான கேள்வி. அந்த டின் காஸில் சாயமும் கலந்து வரும், வெறுங்கையில் பட்டால் பிறகு தொட்டதெல்லாம் ஒட்டும். பதில் என் பின்பொக்கற்றுக்குள் இருந்தது.

சட்டரை இறக்கினேன். மஞ்சள் கண்ணாடியை அவரிடம் கொடுத்து, பின்கதவைத் திறந்து, லைட்டைப் பிடித்தேன். கை எழும்பி வந்தது. ரதி அக்கா ஒரு அடி பின்னுக்குப் போய், பிறகு குனிந்து, பெருவிரலுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார்.

"பாக்டரி மெசின் வெட்டினது," என்றார். அந்தப் பெருவிரலையும் குறுக்காக வெட்டியிருந்த கோட்டைத்தான் சொன்னார். "உந்தக் கண்ணாடி இடையில இறுகி நிக்கும். கையால தள்ளித்தான் மூடினவர். பிறகு திறக்கேல்லை. டேப் ஒட்டிவிட்டவர்." துளசி சீற்றில் ஏறி முழங்காலில் நின்று, தன் சின்னக் கையை அந்தக் கைக்கு மேலே, படாமல் பிடித்தது. அந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தம் இருட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

"மிச்சம் எங்கை தம்பி?" என்று ரதி அக்கா மெதுவாகக் கேட்டார். "ஒரு கைதானோ? ஸ்டியரிங்கில இல்லையோ? ஏசியை அமத்திப் பாத்திருப்பாரே. பாருங்கோ."

"பாத்தனான் அக்கா. இது மட்டும்தான்."

"நாள் முழுக்க நிண்ட மனிசன்."

"இது மட்டும்தான் அக்கா."

அப்போது துளசி என்னைத் திரும்பிப் பார்த்தது. "அண்ணா, உங்கட பொக்கற் கிறீனா இருக்கு."

குனிந்து பார்த்தேன். துணியின் நுனி பொக்கற்றுக்கு வெளியே, பச்சையாக எரிந்துகொண்டு தொங்கியது. லைட்டை அணைத்துவிட்டேன். இருட்டில் மூன்று பேரும் நின்றோம். ரதி அக்கா அதைப் பார்த்தாரோ இல்லையோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மணியண்ணை எலுமிச்சங்காயோடு வந்து சட்டரைத் தூக்கியதும் வெயில் உள்ளே கொட்டுப்பட்டது. கண்ணாடியில் ஒன்றும் இல்லை, தூசிதான். "காய் ஒண்டும் வெட்ட வேண்டாம் அண்ணை," என்றார் ரதி அக்கா. ஏசியைப் போட்டுக்கொண்டு, எல்லாக் கண்ணாடியும் மூடிப் புறப்பட்டுப் போனார்கள். பின்சீற்றில் துளசி, அந்தக் கண்ணாடியில் கையை வைத்தபடி.

அந்தக் கார் விஷயத்தில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

அவர்கள் போனபிறகு துணியை விரித்து லைட்டில் பிடித்துப் பார்த்தேன். முழுக்கப் பச்சை. ஒரு விரலைத்தானும் பிரித்து அறிய முடியவில்லை. அழுக்குத் துணி எடுக்க வருகிறவன் வெள்ளிக்கிழமை மற்றத் துணிகளோடு அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனான்.

நான் அன்றைக்கு நிரப்பிய வெள்ளைச் சிலிண்டர்க் காஸ் இப்போது கிடையாது, எல்லாம் நீலச் சிலிண்டர்தான். மணியண்ணை கராஜை விட்டுவிட்டார், அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கட்டில் மெத்தைக் கடை. மெரூன் காரை அதற்குப் பிறகு இரண்டுதரம் மார்க்கம் வீதியில் கண்டேன், பிறகு காணவில்லை. அந்த வயதுக் கார்கள் எல்லாம் பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பில் உக்கி உடைக்கிற இடத்துக்குப் போயிருக்கும், கண்ணாடியோடு.

சனிக்கிழமை குத்திய மீன் இரண்டு நாளில் போய்விடும் என்று அந்தப் பெட்டை சொன்னாள். இன்றைக்குப் புதன். நான் கையைப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அந்த லைட் இல்லை. ஆகவே மீன் போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா, சொல்லத் தெரியவில்லை.