தவறுக்கு வருந்துகிறோம்

உலகத்தில் யார் எந்தத் தேதியில் பிறந்தார்கள், யார் எந்தத் தேதியில் மண்டையைப் போட்டார்கள் என்பதெல்லாம் என் அண்ணனுக்கு அத்துப்படி. என் பிறந்தநாளைக் கேட்டால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவான். ஒரு தினசரிப் பத்திரிகையில் 'இதே நாளில்' என்ற பத்தியை வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருப்பவன் அவன்தான். மூன்றாம் பக்கம், வலது மூலை. மேலே சரித்திரம், நடுவில் பிறந்தநாள்கள், அடியில் விளையாட்டுச் சாதனைகள். எங்கோ ஒரு பாலத்தைத் திறந்திருப்பார்கள், ஒரு கப்பல் மூழ்கியிருக்கும், யாரோ ஒரு புண்ணியவான் நூறாவது கோல் அடித்திருப்பான்.

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பத்திரிகையை எடுத்தால் நேராக அந்த மூலைக்குத்தான் போவார்கள். "அட, இன்னிக்குத்தான் முதல் ரயில் ஓடுச்சாம்" என்று வலியை மறந்து பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை எழுதுகிறவன் என் கூடப்பிறந்தவன் என்று நான் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

ஆள் ஒல்லி. இஸ்திரி கலையாத சட்டை, சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவரிடமே அதிலுள்ள எழுத்துப்பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுப்பான். மருந்துச்சீட்டு, மளிகைக்கடை பில் எதையும் விட்டு வைப்பதில்லை. என் மகள் பிறந்தபோது ஊர் வாய்க்குப் பயந்து பார்க்க வந்தான். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒரு எரிமலை வெடிச்ச நாள்" என்றான். வாழ்த்தாம் அது! அலுவலகத்தில் அவனுக்கு 'காலண்டர்' என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்துப் பூரித்துக் கிடக்கிறான், கிறுக்கன்.

வருஷத்தில் ஒரு தேதி மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. அன்றைக்கு எனக்குப் பதினெட்டு வயசு. பெரிய போட்டியில் உயரம் தாண்டுதலில் பழைய சாதனையை முறியடித்தேன். அதே சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அப்பாவுக்கு நுரையீரலில் நீர். அன்று காலையில் கொஞ்சம் தேவலை போலிருந்தது. "நீ போய்க் குதிச்சிட்டு வா. அப்பாகிட்ட நான் இருக்கேன்" என்று என்னை அனுப்பி வைத்தவனே அண்ணன்தான். அம்மா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். பரிசளிப்பு முடிந்து பதக்கத்தோடு நான் ஓடி வந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அண்ணன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும், அதற்குள் வந்து சேர்ந்திருந்த அம்மா, சித்தி என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்.

"கடைசி மூச்சு வரைக்கும் அப்பா என் கையைப் பிடிச்சிக்கிட்டு உன்னையேதான் கேட்டாரு. நீ அங்க கம்பைத் தாண்டிக்கிட்டிருந்தே."

அது போதும். "பெத்தவன் உயிர் போகுது, மகராசிக்குத் துள்ளல் கேக்குதாக்கும்" என்று சித்தி ஆரம்பித்து வைத்தாள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அதையே சொன்னார்கள். அம்மா தான் சாகும்வரை என் முகத்தைப் பார்க்காமலேதான் எனக்குச் சோறு போட்டாள். நான் அதன் பிறகு குதிக்கவில்லை. 'எங்கடா அவ' என்று அப்பா கேட்கிற குரல், பல்லைத் தேய்க்கிற மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்கும்.

'இதே நாளில்' பத்தியில் என் சாதனை வரவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் வெட்கம் கெட்டுப்போய்த் தேடுவேன். ஒரு வருஷம் ஏதோ ஒரு பந்தயக் குதிரை முதல் தடவை ஜெயித்த கதையைப் போட்டிருந்தான். குதிரைக்கு இடம் இருக்கிறது, கூடப்பிறந்தவளுக்கு இல்லை.

இந்த வருஷம் அவனுக்குக் கண்ணில் ஆபரேஷன். ஒரு வாரம் லீவு. பத்தி, வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கைக்குப் போனது. நாங்கள் அண்ணன் தங்கை என்று அவளுக்குத் தெரியாது. பழைய பத்திரிகைகளைக் கிளறி என்னைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டாள். உயரம் தாண்டுதல், 1.68 மீட்டர், புதிய சாதனை. வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆசாமி அதைப் படித்துவிட்டு, "பேரு உங்க பேரு மாதிரியே இருக்கே" என்றார்.

"ஊர்ல ஆயிரம் பேருக்கு அந்தப் பேரு" என்றேன். அவர் உள்ளே போனதும் அந்த ஒரு வரியையே நாலு தடவை படித்தேன். உயரம் தப்புதான். இருந்தால் என்ன?

மறுநாள் அதே மூலையில், அடியில் ஒரு சின்னக் கட்டம். 'திருத்தம்: நேற்று இப்பத்தியில் உயரம் தாண்டுதல் சாதனை 1.68 மீட்டர் என்று வெளியாகியிருந்தது. கடைசி முயற்சியில் தாண்டிய 1.71 மீட்டர் என்பதே சரி. தவறுக்கு வருந்துகிறோம்.'

நான் யாரிடமும் சொல்லாத உயரம் அது.

அன்று நான் 1.68 தாண்டியதுமே முதலிடம் முடிவாகிவிட்டது. நிருபர் கிளம்பிப் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. அதற்கப்புறம்தான் நான் கம்பை 1.71க்கு ஏற்றச் சொன்னேன். இரண்டு தடவை தட்டிவிட்டேன். மூன்றாவது தடவை கம்பு ஆடி ஆடி நின்றது. பத்திரிகையில் 1.68 என்றுதான் வந்தது. சான்றிதழில் முதலிடம் என்று மட்டும் இருந்தது. தடகளச் சங்கத்துப் பதிவேடு வெள்ளத்தில் நனைந்து கூழாகிவிட்டது. வீட்டில் நான் சொல்லவில்லை. சொல்ல யார் விட்டார்கள்?

பத்திரிகைக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்தான் எடுத்தாள்.

"சார்தான் மேடம் திருத்தச் சொன்னாரு. ஒரு கண்ணுல கட்டோட பேப்பர் படிச்சிருக்காரு. 'அந்தப் பழைய செய்தியே தப்பு, நிருபர் பாதியிலேயே போயிட்டான்'னு போன்ல ஒரே கத்தல்."

டாக்டரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தாள். அவன் ஒரு கண்ணில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"ஒன்னு எழுபத்தொன்னுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"தப்பா இருந்துச்சு, திருத்தினேன். நாளைக்கு யாராவது எடுத்துப் பார்ப்பாங்க இல்ல?"

"யாரு சொன்னான்னு கேட்டேன்."

கை கண்ணாடியைத் தேடியது. முகத்தில் கண்ணாடி இல்லை.

"ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பின்னாலதானே மைதானம்" என்றான். "கைதட்டல் கேட்டுச்சு. அப்பா தூங்கிக்கிட்டிருந்தாரு. ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்னு போனேன்."

"மூணு தடவையும் பார்த்திருக்கே."

"நீ ரெண்டு தடவை தட்டிட்டே. விட்டுட்டு வர மனசு வரல."

"அப்பா என்னைக் கேட்டாரா?"

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"கேட்டாரா, இல்லையாண்ணா?"

"நான் வந்தப்போ நர்ஸ் மூஞ்சியை மூடிட்டிருந்தாங்க."

அப்படியென்றால் இத்தனை வருஷமும் என் காதில் விழுந்தது அப்பாவின் குரல் இல்லை. இவன் எழுதிக் கொடுத்த வசனம். எனக்கு அழுகை வரவில்லை. அந்த நாற்காலியோடு சேர்த்து அவனைத் தெருவில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

"அம்மா சாகுற வரைக்கும் என் மூஞ்சியைப் பார்க்கல. அதுக்கு எந்தப் பக்கத்துல திருத்தம் போடுவே?"

"அதான் போட்டிருக்கே, வருந்துகிறோம்னு" என்று முனகினான்.

"அந்த 'றோம்'ல யாரெல்லாம் இருக்கீங்க? நீயும் பேப்பர் போடுறவனுமா? தனியா 'வருந்துகிறேன்'னு எழுத உனக்குக் கை வராதா?"

"பத்திரிகையில அப்படி எழுதுறதில்ல. அது ஒரு நடை."

மேசையில் அவனுடைய சிவப்புப் பேனா கிடந்தது. எடுத்தேன். கத்தரித்து வந்த கட்டத்தில் கடைசி வார்த்தையை அடித்துவிட்டுப் பக்கத்தில் என் கையாலேயே எழுதினேன். பேனாவையும் காகிதத்தையும் அவன் மடியில் போட்டேன்.

"கையெழுத்துப் போடு."

நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்தான். அவசரத்தில் நான் 'வருந்துகிரேன்' என்று எழுதிவிட்டிருக்கிறேன். 'ரே'யை அடித்து 'றே' ஆக்கினான். அதோடு திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நான் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"எங்க போறே?" என்று அண்ணி கேட்டாள்.

"சித்தி வீட்டுக்கு."

"நீ சொன்னா நம்ப மாட்டாங்க. இரு, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினாள்.