மிளகுத் தராசும் அலைப்பலகையும்

போன கிழமை பலாபத்வலயில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கண்டிப் பக்கமிருந்து வந்த வேனொன்று ஓரமாக நின்றது. அதன் கூரையில் பத்தடிக்குக் குறையாத ஒரு பலகை. நின்றபடி துடுப்புப் போடுவார்களே, அந்தச் சாதி. வெயிலில் அதன்மேல் பூசியிருந்த மெழுகு இளகி, தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை கீழே இறங்கி வந்தது. வேனிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பையன் சரியான ஒல்லி. ஐம்பத்தைந்து கிலோ தேறாது. பலகையோ அவனைப்போல இரண்டு பேரையும் அவர்களுடைய பகல் சாப்பாட்டையும் சேர்த்துத் தாங்கும். யாரோ ஒரு முட்டாள் இவனுக்கு அளவு பார்த்துக் கொடுத்திருக்கிறான் என்று மனதுக்குள் திட்டினேன். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டுத் தேநீரைக் குடித்தேன். அந்த முட்டாளைத் திட்டுவதற்கு இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தகுதி குறைந்தவன் கிடையாது.

நான் சீகிரியாவில் அலைப்பலகைக் கடையில் வேலை பார்த்தவன். நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். மாத்தளை மாவட்டத்தில் எல்லாம் உண்டு: மலை உண்டு, மிளகு உண்டு, யானை உண்டு, ராஜா ஏறி உட்கார்ந்த கல்லும் உண்டு. கடல் மட்டும் கிடையாது. எந்தப் பக்கம் புறப்பட்டாலும் மணிக்கணக்கில் போனால்தான் உப்புக்காற்று அடிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் கடலுக்கான பலகையை வாடகைக்கு விடுகிற யோசனை ஃபாரூக் நானா ஒருவருக்குத்தான் வரும். மாத்தளை டவுனில் தலைமுறை தலைமுறையாக மிளகும் ஜாதிக்காயும் வாங்கி விற்கிற குடும்பம் அவருடையது. கிழக்குக் கரையில் மூடிப்போன ஏதோ ஒரு விடுதியிலிருந்து ஏழு பலகைகள் மலிவாகக் கிடைத்ததென்று லொறியில் ஏற்றி வந்துவிட்டார்.

“கல்லப் பாத்துட்டு வெள்ளக்காரன் அடுத்ததா எங்க போறான்? அறுகம்குடாக் கடலுக்கு. அங்க போய்த்தானே போர்ட் தேடி அலையப்போறான்? நாம இங்கயே குடுத்து அனுப்பிருவோம். கொடைய மழைக்கு முந்தி வாங்கணும் தம்பி.”

கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. நானாவின் எல்லா யோசனையும் கேட்கும்போது அப்படித்தான் இருக்கும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. லொறியில் மூட்டை ஏற்றினேன். வாசனைச் சரக்குத் தோட்டமொன்றில் சுற்றுலாக்காரர்களின் முழங்காலில் கறுவா எண்ணெய் தேய்த்தேன். கொழும்பில் கட்டட வேலைக்குப் போய் ஒரு விரலின் நகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஒரு மாதம் பஸ் நிலையத்தில் படுத்தேன். இதெல்லாம் பெரிய கதையில்லை. பசித்தவன் ஊர் மாறுவான், அவ்வளவுதான். எனக்கு நீந்தத் தெரியும், நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும், அலையை டெலிவிஷனில் பார்த்திருந்தேன். நானா என்னை நிபுணராக்க இது போதுமாக இருந்தது.

எனக்கு இந்த ஞானத்தை ஊட்டியவர் பலகை வாடகைக்குக் கேட்டு வந்த ஓர் ஆஸ்திரேலியாக்காரர். ஒரு மழை நாளில் வெளியே போக முடியாமல், கடையின் பின்சுவரில் சோக்கட்டியால் கீறிக் காட்டினார். குளத்தில் விடுகிற பலகை பன்னிரண்டடி. சாப்பாட்டு மேசைபோல நேராகப் போகும், அதற்கு வேறொன்றும் தெரியாது. அலைக்கு என்றால் நீளம் குறைய வேண்டும், அப்போதுதான் திரும்பும். இங்கேதான் எல்லாரும் தப்பு விடுகிறார்கள். சின்ன அலைக்குச் சின்னப் பலகை என்று நினைக்கிறார்கள். பெரிய அலை தானாகவே தள்ளிக்கொண்டு போகும். சின்ன அலைக்கு அந்தத் தெம்பு இல்லை. அதனால் பலகைதான் ஆளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே நீளத்தைக் குறை, அகலத்தைக் குறைக்காதே. அடி தட்டையாக இருக்கட்டும், வால் அகன்று இருக்கட்டும். முக்கியமானது லீட்டர், அதாவது பலகையின் வயிறு எவ்வளவு பெரிது என்பது. ஆளுடைய கிலோவோடு அதில் பாதியைக் கூட்டினால் எத்தனை வருகிறதோ அத்தனை லீட்டர் வேண்டும். கடலுக்குப் புது ஆள் என்றால் அதற்கும் மேலே.

பக்கத்திலேயே அதைத் தமிழில் எழுதி, சோக்கட்டிக் கோடு அழியாதபடி அந்தச் சுவருக்கு நான் வாணிஷ் அடித்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் அது. அதைத்தான் ஃபாரூக் நானாவின் தராசு கெடுத்தது.

மிளகுக் கடையில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசை அவர் கொண்டுவந்து வைத்திருந்தார். அதன் சந்துபொந்தெல்லாம் மிளகுத் தூசி. வாடிக்கையாளர் ஏறி நின்றால் முதலில் தும்மல் வரும், பிறகுதான் முள் நிற்கும். முதல் நாள் ஒருவருக்கு எண்பது என்று அட்டையில் எழுதினேன். நானா எட்டிப் பார்த்தார்.

“நூத்துக்குப் பத்து கழிச்சு எழுது.”

“ஏன் நானா?”

“ஈரம். சாக்கு.”

“மனுசனுக்கு ஏது நானா சாக்கு?”

“சப்பாத்து இல்லியா? கெமரா இல்லியா? எங்க வாப்பா காலத்துலருந்து இந்தத் தராசுல ஏறுன எதுவும் முழு எடைக்கு எறங்குனதில்ல.”

யாராவது ஊர் தெரியாதவன் என்றால் சிரித்திருப்பான். நான் ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று வெட்டிவிட்டுத்தான் எழுதுவார்கள். அம்மாவின் பெயருக்கு நேரே தராசு காட்டிய எண்ணை எழுதி நான் பார்த்ததே இல்லை. கழிவு என்பது தராசின் கூடப்பிறந்தது என்றே நினைத்திருந்தேன். ஆகவே எழுபத்திரண்டு என்று எழுதினேன். அவர் நன்றி சொல்லி, தும்மிவிட்டுப் போனார்.

யாரும் புகார் சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் கடலில் விழுவதற்காகவே விமானம் ஏறி வருகிறவர்கள். திரும்பும்போது முழங்காலில் சிராய்ப்போடு, ‘அற்புதமான அனுபவம்’ என்று கடையில் வைத்திருந்த கருத்துக் கொப்பியில் எழுதிவிட்டுப் போனார்கள். நானும் என்னை அற்புதமான நிபுணர் என்று நம்பத் தொடங்கினேன்.

அந்த நேரத்தில்தான் சுமதியக்கா வந்தாள்.

குளக்கரையில் இருந்த ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவள். அதற்கு முன் பதிமூன்று வருஷம் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஹோட்டலின் துடுப்புப் பலகைகளைக் கழுவி அடுக்குவதும் அவள் வேலை. கழுவியதை அடுக்குவதற்கு முன் ஏறி நின்று பார்த்திருக்கிறாள். யாரோ ஒரு விருந்தாளி துடுப்பையும் கொடுத்துவிட்டார். முதுகில் கூடையோடு செங்குத்து மலையில் நின்ற கால்களுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டா? இரண்டு வருஷத்தில், மேற்கிலிருந்து கச்சான் காற்றுக் கிளம்பிக் குளமே குதிக்கிற நாளிலும் விழாமல் நின்றாள்.

அறுகம்குடாவில் ஒரு விடுதிக்கு, பெண்களுக்கு அலையில் நிற்கப் பழக்க ஒரு பெண் தேவை என்று அவளுக்குச் செய்தி வந்திருந்தது. சனிக்கிழமை சோதனை. சின்ன அலைதான். மூன்று அலையில் நின்று வர வேண்டும், ஒன்றிலாவது திரும்பிக் காட்ட வேண்டும், பலகையை அவரவரே கொண்டுவர வேண்டும். தேறினால் வேலையோடு தனி அறை. அந்த அறைதான் விஷயம். தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த ஒற்றை லயக் காம்பரா அண்ணன் குடும்பத்துக்குப் போய்விட்டது. ஹோட்டலில் ஒன்பது பெண்கள் ஒரே கூடத்தில் படுத்தார்கள்.

“முப்பத்தஞ்சு வயசாச்சு தம்பி. நான் உள்ள இருந்து தாப்பாப் போட்ட கதவுன்னா அது கக்கூஸ் கதவு ஒண்ணுதான்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

தராசில் ஏறினாள். தும்மினாள். அறுபத்தாறு. நான் அறுபது என்று எழுதினேன். கை தானாக எழுதியது. நானா அன்றைக்குக் கடையில்கூட இல்லை.

அப்போது இரண்டு பலகைகள்தான் மிச்சம். ஒன்று தொண்ணூற்றிரண்டு லீட்டர், ஒடுக்கமான வெள்ளை. மற்றது நூற்றுப்பன்னிரண்டு, அகலமான மஞ்சள். அவள் மஞ்சளின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்தாள்.

“இதக் குடு.”

“அது வேணாங்க்கா. அறுபதும் முப்பதும் தொண்ணூறு. ஒங்களுக்கு வெள்ளதான் கரெக்ட். அகலமா இருந்தா டெஸ்ட்ல திருப்பக் கஷ்டப்படுவீங்க.”

“சின்ன அலைக்கு அகலம் வேணும்னு செவுத்துல நீதான எழுதி வச்சிருக்க?”

“அது பொதுவா எழுதுனது. கடல் உப்புத் தண்ணிக்கா, ஆளத் தன்னால தூக்கும்.”

“நீ கடல்ல நின்னுருக்கியா?”

“நிக்கணும்னு இல்லக்கா. கணக்கு இருக்கு.”

அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. புது ஆளுக்கு அதற்கும் மேலே வேண்டும் என்று ஆஸ்திரேலியாக்காரர் சொன்னதையாவது நினைத்திருக்கலாம். குளத்தில் இரண்டு வருஷம் நின்றவள் எப்படிப் புது ஆள் ஆவாள் என்று அதையும் நானே தீர்த்துவைத்தேன்.

குளத்தில் ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன் என்றாள். பின்னேரம் இரண்டு பேருமாக வெள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். குளத்தில் ஏழெட்டு யானைகள் இறங்கி நின்றன. குளக்கட்டின்மேல் நின்ற மீன்காரன் கையை வீசி எங்களைத் துரத்தினான். மறுநாள் விடியவே வேன். அவள் வெள்ளையோடு போனாள்.

ஞாயிறு பின்னேரம் வந்தாள். பலகையை வாசலில் சாய்த்தாள். நான் முதலில் பார்த்தது மெழுகை. கால் பதிந்து தேய வேண்டிய இடத்தில் நான் பூசிய சுழி சுழியாக அப்படியே இருந்தது.

“ஏறி நின்னா ஒரு கால மாத்த முடியல. மாத்துன பக்கம் ஓரம் தண்ணிக்குள்ள போயிருது. நீளக் கைச் சட்ட வேற, நனைஞ்சு கல்லாட்டம். அல வர்றதுக்கு முந்தியே நான் கீழ. ஒம்பது தடவ. வேற ஒரு பிள்ள அகலமான போர்ட்ல வந்து மூணு அலையும் எடுத்துட்டா. நல்ல பிள்ளதான். ‘ஒங்க வெயிட்டுக்கு இது பத்தாதுக்கா’ன்னு எனக்குச் சொல்லிட்டுப் போனா.”

பிறகு மேசையிலிருந்த தன் அட்டையை எடுத்துப் பார்த்தாள். அட்டையைக் கையில் வைத்தபடியே தராசில் ஏறினாள். அறுபத்தாறு.

“ஆறு கிலோ எங்கடா?”

“கழிவுக்கா… ஈரத்துக்கு…”

“கொழுந்துல வெட்டுனாங்க. தண்ணி தெளிச்ச, தண்டு போட்டன்னாங்க. தோட்டத்துக் கொழுந்துதானன்னு வாய மூடிக்கிட்டேன். இது என் ஒடம்புடா. இதுலயும் வெட்டுவியா?”

உள்ளேயிருந்து நானா வந்தார். “விடுங்க தங்கச்சி. அடுத்த தடவ வாடகை இல்லாமத் தாறேன்.”

“அடுத்த தடவைய யாரு நானா வக்கிறது?”

நானா குனிந்து தராசு முள்ளைத் தட்டிப் பார்த்தார்.

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அறுபதை வெட்டி அறுபத்தாறு என்று எழுதினாள். மஞ்சள் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தாள். நான் துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. நடுக்குளத்திலிருந்து அலைகள் வரிசையாகக் குளக்கட்டைப் பார்த்து வந்தன. முழங்கால் உயரம்கூட இராது. அவள் வெளியே துடுப்புப் போட்டுப் போனாள், திரும்பினாள், காத்திருந்தாள். ஒன்றை விட்டாள். அடுத்ததற்கு மூன்று தள்ளு. அலை பலகையைத் தூக்கியது. ஒரு காலைப் பின்னால் வைத்து, கட்டோடு சேர்த்து அப்படியே வளைத்துக்கொண்டு போனாள். ஒரு பத்து வினாடி இருக்குமா? மீன்காரன் விசில் அடித்தான்.

கரைக்கு வந்து துடுப்பை என் கையில் கொடுத்தாள். “திரும்புது” என்றாள். அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் ஹோட்டலை விட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் தராசு காட்டியதை அப்படியே எழுதினேன். ஈரத்துக்கு இரண்டு கிலோ கூட்டியும் எழுதினேன். “கடைய மூடப்போற” என்றார் நானா. மூடியது என்னவோ உண்மை, ஆனால் அதற்கு உலகமே முடங்கிய வியாதிக்காலம்தான் காரணம். வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. நான் எடையைச் சரியாக எழுதப் பழகிய நேரத்தில் தராசில் ஏற ஆள் இல்லை. தராசு மிளகுக்கே திரும்பிப் போய்விட்டது; மிளகுக்காரர்கள் பாவம். பலகைகளைப் பாணந்துறைக்காரர் ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொண்டார். கடை இருந்த இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள். வாணிஷ் அடித்த சுவரை இடித்துவிட்டார்கள். குளக்கட்டை ஹோட்டல் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டது, மீன்காரனையும் காணவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், கிழக்கில் வேறொரு விடுதிக்குப் பழக்குகிற பெண் ஒருத்தி வேண்டும் என்று ஒரு வேன்காரர் சொன்னார். சோதனை ஒன்றும் இல்லையாம், ஆள் வந்தால் போதுமாம். மறுநாளே எல்கடுவைக்கு பஸ் ஏறினேன். லயத்தில் விசாரித்து அவளுடைய அண்ணனைக் கண்டுபிடித்தேன்.

“சுமதியா? ரியாத்துல இருக்குங்க. வீட்டு வேல. போயி நாலஞ்சு வருஷமாச்சு.”

“கடல் பக்கமா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

“கடலா? மணலுங்க. எங்க பாத்தாலும் மணலு. குளிக்கிற தண்ணியே லொறியிலதான் வருதாம்.”

உட்காரச் சொன்னார், பிளேன்டீ கொடுத்தார். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள் என்றார். ஒன்றும் இல்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.